வழக்கறிஞர் விதிகள் 14-ஏ முதல் 14-டி வரை (சென்னை உயர் நீதிமன்றம்)

வழக்கறிஞர் விதிகள் 14-ஏ, 14-பி, 14-சி, 14-டி என்பன 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 34(1) ஆவது பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றம் 2016 மே மாதத்தில் புதிதாகச் சேர்த்த நான்கு விதிகள் ஆகும். நீதிமன்றத்தில் முறைகேடாக நடந்துகொள்ளும் வழக்கறிஞரைக் குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ வழக்காடுவதிலிருந்து விலக்கி வைக்கும் அதிகாரத்தை இவை உயர் நீதிமன்றத்துக்கும் ஒவ்வொரு மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிபதிக்கும் அளித்தன. தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் இவற்றை எதிர்த்து நீண்ட நீதிமன்றப் புறக்கணிப்பில் ஈடுபட்டனர். 2019 சனவரி 28 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நான்கு விதிகளையும் செல்லாதவை என அறிவித்தது.

வழக்கறிஞரின் சுதந்திரம் என்பது யாரிடமிருந்து சுதந்திரம் என்ற கேள்வியை இவ்விதிகள் எழுப்பின. அரசிடமிருந்தும் காவல்துறையிடமிருந்தும் வரும் அச்சுறுத்தல்கள் பரவலாக அறியப்பட்டவை. வழக்கைக் கேட்கும் நீதிபதியே வழக்கறிஞரின் தொழிலை நிறுத்தி வைக்க முடியுமா என்பது அவ்வளவாகப் பேசப்படாத பொருளாக இருந்தது. உயர் நீதிமன்றம் அமைந்துள்ள சென்னையைக் காட்டிலும் திண்டுக்கல் போன்ற மாவட்டத் தலைநகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த வட்ட நீதிமன்றங்களிலும் இக்கேள்வியின் தாக்கம் கூடுதலாக இருந்தது.

வரலாற்றுப் பின்னணி

பிரித்தானியர் காலத்தில் வழக்கறிஞர் உரிமத்தை (சன்னது) வழங்குவதும் பறிப்பதும் உயர் நீதிமன்றத்தின் கையில் இருந்தன. தமிழகத்தில் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு வ. உ. சிதம்பரம் பிள்ளை ஆவார். 1908 ஆம் ஆண்டு அரசநிந்தனை வழக்கில் தண்டிக்கப்பட்ட அவர் உரிமத்தை இழந்தார். 1912 டிசம்பரில் விடுதலையான பின்னரும் அவரால் வழக்காட முடியவில்லை. பல ஆண்டு வறுமைக்குப் பின், வாலசு என்ற ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் உரிமம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியின் அடையாளமாகத் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். உரிமத்தைப் பறித்த அமைப்பைச் சேர்ந்த ஒருவரே அதைத் திரும்பப் பெற்றுத் தந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. ஒருவரின் தொழில் வாழ்வு முறையான பாதுகாப்பு ஏதுமின்றித் தனிமனிதர் ஒருவரின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருந்த காலம் அது. மகாத்மா காந்தியும் 1922 இல் தண்டனை பெற்ற பின் இலண்டன் இன்னர் டெம்பிளின் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். 1988 இல்தான் அவர் பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது.

1926 ஆம் ஆண்டின் இந்தியப் பார் கவுன்சில்கள் சட்டம் வழக்கறிஞர்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்கியது. எனினும் கண்டிக்கவும், இடைநீக்கம் செய்யவும், பட்டியலிலிருந்து நீக்கவும் உரிய அதிகாரம் உயர் நீதிமன்றத்திடமே தொடர்ந்தது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட வழக்கறிஞர்கள் சட்டம், 1961 இதனை மாற்றியது. அச்சட்டத்தின் 35 ஆவது பிரிவின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாநிலப் பார் கவுன்சிலின் ஒழுங்குக் குழுவுக்கு உரியது. அக்குழுவின் முடிவை எதிர்த்து இந்தியப் பார் கவுன்சிலுக்கும், அதன் பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம். உயர் நீதிமன்றத்துக்கு 34(1) ஆவது பிரிவு விட்டு வைத்தது ஓர் அதிகாரம் மட்டுமே. தன்னிலும் தனக்குக் கீழுள்ள நீதிமன்றங்களிலும் வழக்கறிஞர்கள் எந்நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தொழில் செய்யலாம் என விதிகள் வகுப்பதே அது. உடை, வக்காலத்துத் தாக்கல் செய்யும் முறை முதலியவற்றைப் பற்றிய விதிகள் இவ்வகையின. 2016 சிக்கலின் வேர், 34 ஆவது பிரிவு எங்கே முடிகிறது, 35 ஆவது பிரிவு எங்கே தொடங்குகிறது என்பதில் இருந்தது.

இதைப் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஒரே திசையில் செல்லவில்லை. 1995 இல் நீதிமன்ற அவமதிப்புக்காக வினய் சந்திர மிசுரா என்ற மூத்த வழக்கறிஞரின் தொழிலை மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்த அதே நீதிமன்றம், 1998 இல் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்க வழக்கில் தனக்கு அவமதிப்பு அதிகாரத்தின் வழியாக உரிமத்தைப் பறிக்கும் உரிமை இல்லை எனத் திருத்திக் கொண்டது. 2002 இல் அரீசு உப்பல் வழக்கில் வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது. 2009 சூலையில் ஆர். கே. ஆனந்த் வழக்கின் தீர்ப்பு வந்தது. தில்லியில் ஒரு மகிழுந்து விபத்து வழக்கின் சாட்சியை விலைக்கு வாங்க முயன்றதாக மூத்த வழக்கறிஞர்கள் மீது எழுந்த குற்றச்சாட்டு தொடர்பானது அது. அத்தீர்ப்பில், 34 ஆவது பிரிவின் கீழ் இன்னும் விதிகள் வகுக்காத உயர் நீதிமன்றங்கள் நான்கு மாதங்களுக்குள் வகுக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியது. சென்னை உயர் நீதிமன்றம் பின்னாளில் தன் விதிகளுக்குச் சான்றாகக் காட்டியது இந்த அறிவுறுத்தலையே.

தமிழ்நாட்டுச் சூழல்

விதிகள் ஏன் வந்தன என்பதை அறிய அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 2009 இன் தொடக்கத்தில் ஈழப் போர் உச்சத்தில் இருந்தபோது, போர் நிறுத்தம் கோரித் தமிழ்நாடு முழுவதும் வழக்கறிஞர்கள் நீதிமன்றங்களைப் புறக்கணித்து வந்தனர். அந்நிலையில் 2009 பெப்ரவரி 17 அன்று சிதம்பரம் நடராசர் கோயில் நிருவாகம் தொடர்பான வழக்கில் தம்மையும் சேர்த்துக் கொள்ளுமாறு கோரி உயர் நீதிமன்றம் வந்த சுப்பிரமணியன் சுவாமி மீது, நீதிபதிகளின் கண்முன்னே, நீதிமன்ற அறையிலேயே முட்டைகள் வீசப்பட்டன. இரண்டு நாள் கழித்து, பெப்ரவரி 19 அன்று, அத்தாக்குதல் தொடர்பில் வழக்கறிஞர்களைக் கைது செய்யக் காவல்துறையினர் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் வந்தனர். கல்வீச்சும் தடியடியும் நிகழ்ந்தன. வளாகத்திலிருந்த காவல் நிலையம் தீக்கிரையானது. வழக்கறிஞர்கள், நீதிமன்ற ஊழியர்கள், காவலர்கள் எனப் பலர் காயமடைந்தனர். அமைதிப்படுத்த வந்த நீதிபதி ஒருவரும் காயத்துக்குத் தப்பவில்லை.

உச்ச நீதிமன்றம் அமர்த்திய ஓய்வுபெற்ற நீதிபதி பி. என். சிறீகிருட்டிணா, 2009 மார்ச்சில் அளித்த இடைக்கால அறிக்கையில் வழக்கறிஞர்களின் நடத்தையைக் கடுமையாகக் குறை கூறினார். அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, காவல்துறை உயரதிகாரிகள் நால்வர் மீது நடவடிக்கைக்கு ஆணையிட்டது. அவ்வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றம் சென்றது. ஒரே நிகழ்வைப் பற்றிய இவ்விரு ஆவணங்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு இருதரப்பின் குறைகளும் தெரியவரும். ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டுவதே இன்றும் வழக்கமாக உள்ளது.

2015 ஆம் ஆண்டில் பதற்றம் மீண்டும் கூடியது. அவ்வாண்டு சூலை முதல் இருசக்கர வாகன ஓட்டிகள் தலைக்கவசம் அணிவது கட்டாயம் என்ற உயர் நீதிமன்ற ஆணையை எதிர்த்து மதுரை வழக்கறிஞர்கள் போராடினர். அச்சங்கத்தின் பொறுப்பாளர்கள் மீது அவமதிப்பு வழக்கு தொடரப்பட்டது. செப்டம்பரில் தமிழை உயர் நீதிமன்ற மொழியாக்கக் கோரிச் சில வழக்கறிஞர்கள் தம் குடும்பத்தினருடன் தலைமை நீதிபதியின் நீதிமன்ற அறையில் அமர்ந்து போராடினர். மதுரையைச் சேர்ந்த வழக்கறிஞர்கள் சிலரை இந்தியப் பார் கவுன்சில் இடைநீக்கம் செய்தது. 2015 நவம்பர் 16 முதல் உயர் நீதிமன்றத்தின் பாதுகாப்பு மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்கு ஆறு மாதம் கழித்து விதிகள் அரசிதழில் வந்தன.

விதிகளின் உள்ளடக்கம்

14-ஏ விதி ஆறு வகை நடத்தைகளைக் குறிப்பிட்டது. நீதிபதியின் பெயரைச் சொல்லியோ அவரைச் சரிக்கட்டுவதாகக் கூறியோ பணம் பெறுதல் முதலாவது. நீதிமன்ற ஆவணத்தையோ ஆணையையோ திருத்துதல் இரண்டாவது. குடிபோதையில் நீதிமன்றம் வருதல் இறுதியானது. இம்மூன்றும் தவறு என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. போராடிய சங்கங்களும் இவற்றை ஆதரித்துப் பேசவில்லை.

சர்ச்சை இடையிலிருந்த மூன்றைப் பற்றியது. நீதிபதியை மிரட்டும் வகையிலோ இழிவாகவோ பேசுதல், நீதிபதியின் மேல் ஆதாரமற்ற புகார்களை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்புதல் அல்லது பரப்புதல், நீதிமன்ற வளாகத்துக்குள் ஊர்வலத்தில் பங்கேற்றல் அல்லது நீதிமன்ற அறைக்குள் முற்றுகையிடுதல், பதாகை பிடித்தல் என்பனவே அவை. குறுக்கு விசாரணையின்போது குரலை உயர்த்தி ஆட்சேபம் தெரிவிக்கும் வழக்கறிஞர் வாதிடுகிறாரா, மிரட்டுகிறாரா என்பதை எதிரில் அமர்ந்திருக்கும் நீதிபதியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இலஞ்சம் வாங்கும் ஒரு நீதித்துறை அலுவலரைப் பற்றி உயர் நீதிமன்றத்துக்குப் புகார் எழுதுபவர், அதை மெய்ப்பிக்க இயலாவிட்டால் தாமே தொழிலை இழக்கும் நிலை ஏற்பட்டது. இத்தகைய புகார்களுக்குப் பொதுவாகக் கையில் சான்று கிடைப்பதில்லை. சான்று திரட்டும் அதிகாரம் புகார்தாரருக்கு இல்லை, விசாரிக்கும் அமைப்புக்கே உண்டு.

14-பி விதி யார் நடவடிக்கை எடுப்பது என்பதை வகுத்தது. உயர் நீதிமன்றத்தில் நிகழ்ந்தால் உயர் நீதிமன்றம். முதன்மை மாவட்ட நீதிபதியின் முன் நிகழ்ந்தால் அவரே. கீழுள்ள நீதிமன்றம் ஒன்றில் நிகழ்ந்தால் அந்நீதிமன்றம் அனுப்பும் அறிக்கையைக் கொண்டு முதன்மை மாவட்ட நீதிபதி. மாவட்ட நீதிபதி விதிக்கும் தடை அம்மாவட்டத்தின் எல்லா நீதிமன்றங்களுக்கும் பொருந்தும். 14-சி விதி வழக்கறிஞருக்கு அழைப்பாணை அனுப்பி விளக்கம் கேட்க வேண்டும் என்றது. 14-டி விதியோ, அந்த விசாரணை முடியும் முன்பே இடைக்காலத் தடை விதிக்க இடமளித்தது. இந்த இடைக்காலத் தடைக்குக் கால வரம்பு ஏதும் கூறப்படவில்லை.

மாவட்ட நீதிமன்றங்களில் இதன் பொருள்: திண்டுக்கல்

திண்டுக்கல் மாவட்டம் 1985 செப்டம்பர் 15 அன்று மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 சூலை 24 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது முதல் திண்டுக்கல் அதன் ஆட்சி எல்லைக்குள் உள்ளது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உயர் நீதிமன்றக் கிளை அமைந்தது இப்பகுதி மக்களுக்குப் பெரும் வசதியாயிற்று. அதற்கு முன் ஒரு மேல்முறையீட்டுக்காக 400 கிலோமீட்டருக்கும் கூடுதலாகப் பயணம் செய்து சென்னை செல்ல வேண்டியிருந்தது.

மாவட்டத் தலைநகரில் மாவட்ட நீதிமன்றமும், பழனி, நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம், கொடைக்கானல் ஆகிய ஊர்களில் நடுவர் நீதிமன்றம், உரிமையியல் நீதிமன்றம் போன்ற கீழ்நிலை நீதிமன்றங்களும் இயங்குகின்றன. சமவெளிப் பகுதியின் வழக்கறிஞர் ஒருவரின் தொழில் பெரும்பாலும் இவற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, கிணற்று நீர்ப் பங்கு, காசோலை வழக்கு, விபத்து இழப்பீடு, பிணை மனு என்பன அன்றாடப் பணிகள். சென்னையின் மூத்த வழக்கறிஞருக்குத் தீர்ப்பாயங்களும், ஆணையங்களும், பிற மாநில உயர் நீதிமன்றங்களும் உள்ளன. வேடசந்தூரில் வக்காலத்து எழுதுபவருக்கு மாவட்டத்துக்குள் தடை என்றால் வேறு போக்கிடம் இல்லை. அவருடைய கட்சிக்காரர்கள் அடுத்த வாய்தாவுக்குள் வேறொருவரைத் தேட வேண்டும். குமாஸ்தாவும் இளநிலை வழக்கறிஞரும் அவரோடு சேர்ந்து வருமானம் இழப்பர்.

மேலும், முதன்மை மாவட்ட நீதிபதி என்பவர் ஒரு மாவட்டத்தில் நீதித்துறையின் தலைவர். கீழ் நீதிமன்றத் தீர்ப்புகள் மீதான மேல்முறையீடுகளும், பிணை மனுக்களும், அமர்வு வழக்குகளும் அவரிடமே வருகின்றன. ஒரு வழக்கறிஞர் யார் முன் தம் கட்சிக்காரருக்காக அஞ்சாமல் வாதிட வேண்டுமோ, அவரே குற்றம் சாட்டுபவராகவும், சாட்சியாகவும், தீர்ப்பளிப்பவராகவும் இருக்கும் நிலையை 14-பி விதி உண்டாக்கியது. எத்தனை பேருக்குத் தடை விதிக்கப்பட்டது என்ற கணக்கால் மட்டும் இத்தகைய விதியின் விளைவை அளக்க இயலாது. தடை விதிக்கப்படாமலேயே குரல்கள் தாழக்கூடும்.

அஞ்சாத வழக்கறிஞர் எதற்குத் தேவை என்பதற்குத் திண்டுக்கல்லிலேயே ஒரு சான்று உண்டு. இந்நகரின் தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் பேருக்கு வேலை தந்தது. சுற்றியுள்ள கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகசுட்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு, வட ஆர்க்காட்டுடன் அப்போது திண்டுக்கல் அண்ணா மாவட்டம் எனப்பட்ட பகுதியின் தோல் தொழிற்சாலைகளையும் உள்ளடக்கியது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் மாசுத் தண்டம் விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட உழவர்களுக்கான இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கவும் ஆணையிடப்பட்டது. ஊரின் முதன்மைத் தொழிலுக்கு எதிராகக் கிணற்று உரிமையாளர் ஒருவருக்காக வக்காலத்து ஏற்பது உள்ளூரில் எளிய செயல் அன்று. அத்தகைய வழக்கறிஞருக்கு ஆலை முதலாளியிடமிருந்தும், அரசியல்வாதியிடமிருந்தும், காவல் நிலையத்திலிருந்தும் அழுத்தம் வரலாம் என்பது எதிர்பார்க்கக் கூடியதே. அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே இடம் நீதிமன்றம்.

எதிர்ப்பும் புறக்கணிப்பும்

2016 சூன் முதல் மாநிலம் முழுவதும் வழக்கறிஞர் சங்கங்கள் புறக்கணிப்பில் இறங்கின. அப்போது சஞ்சய் கிசன் கவுல் தலைமை நீதிபதியாக இருந்தார். விதிகளை மறு ஆய்வு செய்ய நீதிபதிகள் குழுவொன்று அமைக்கப்பட்டது. குழுவின் ஆய்வு முடியும் வரை விதிகளின் கீழ் நடவடிக்கை இராது என உயர் நீதிமன்றத் தரப்பில் கூறப்பட்டது. விதிகளை முற்றாகத் திரும்பப் பெற வேண்டும் என்பதில் சங்கங்கள் உறுதியாக நின்றன. சூலை 25 அன்று உயர் நீதிமன்றத்தை முற்றுகையிடும் போராட்டம் நடந்தது. அதையொட்டி இந்தியப் பார் கவுன்சில் தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் 126 பேரை இடைநீக்கம் செய்தது.

விதிகளுக்கு எதிரான முதன்மை வாதம், ஒழுங்கு நடவடிக்கை பார் கவுன்சிலுக்கே உரியது என்பதாகும். அதே பார் கவுன்சில் அமைப்பின் தலைமை, விசாரணைக்கு முன்பே 126 பேரை ஒரே ஆணையில் இடைநீக்கம் செய்ததால் போராடியவர்கள் இக்கட்டான நிலைக்கு ஆளாயினர். ஒழுங்கு அதிகாரம் யார் கையில் இருந்தாலும், தனித்தனியே விசாரித்து முடிவெடுக்கும் முறை இல்லாவிடில் பாதுகாப்பு இல்லை என்பதை இது காட்டியது.

புறக்கணிப்பின் சுமை வழக்காடிகள் மேல் விழுந்தது. பிணைக்குக் காத்திருந்தோர், வாழ்வூதியம் கோரிய பெண்கள், விபத்து இழப்பீட்டை எதிர்பார்த்த குடும்பங்கள் ஆகியோருக்கு வாய்தாக்கள் தள்ளிப் போயின. வழக்கறிஞரின் சுதந்திரம் கட்சிக்காரரின் நலனுக்காகவே உள்ளது என்பது ஏற்கப்பட்ட கொள்கை. அதைக் காக்கும் போராட்டமே கட்சிக்காரரை வாரக்கணக்கில் வழக்கறிஞர் இல்லாமல் நிறுத்தியது என்ற குறைகூறல் அப்போது எழுந்தது. அதற்குச் சங்கங்களிடமிருந்து நிறைவான விடை வரவில்லை.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

ஆர். முத்துகிருட்டிணன் எதிர் சென்னை உயர் நீதிமன்றத் தலைமைப் பதிவாளர் என்ற வழக்கு அரசியலமைப்பின் 32 ஆவது உறுப்பின் கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்டது. நீதிபதிகள் அருண் மிசுரா, வினீத் சரண் ஆகியோர் 2019 சனவரி 28 அன்று தீர்ப்பளித்தனர். 34 ஆவது பிரிவு விதி வகுக்கும் அதிகாரத்தைத் தருகிறதே ஒழிய ஒழுங்கு அதிகாரத்தைத் தரவில்லை. 14-ஏ முதல் 14-டி வரையான விதிகள் பார் கவுன்சிலின் அதிகாரத்துக்குள் நுழைகின்றன. ஆகவே அவை சட்டத்துக்குப் புறம்பானவை, தன்னிச்சையானவை என்பது தீர்ப்பின் சாரம். சுதந்திரமான வழக்கறிஞர் அவை இல்லாமல் சுதந்திரமான நீதித்துறை இருக்க முடியாது எனவும், வழக்கறிஞரைச் சட்டத்தின் பெயரால் அச்சத்தில் வைத்திருப்பது நீதித்துறைக்கே கேடு எனவும் நீதிபதிகள் விளக்கினர்.

அத்தீர்ப்பில் வழக்கறிஞர்களுக்கு உவப்பில்லாத பகுதிகளும் உள்ளன. வேலைநிறுத்தங்களையும், நீதிபதிகள் மேல் ஊடகங்களில் பழி சுமத்துவதையும் அது கண்டித்தது. பார் கவுன்சில்கள் தம் ஒழுங்குக் கடமையைச் சரிவரச் செய்ய வேண்டும் எனவும் வலியுறுத்தியது. நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் கீழ் தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு முன்போலவே தொடர்கிறது.

உள்ளிருந்து வரும் அச்சுறுத்தல்

வழக்கறிஞரின் சுதந்திரத்துக்கு அவருடைய சங்கமே தடையாவதும் உண்டு. கோயம்புத்தூரில் வழக்கறிஞர்களுக்கும் காவலர்களுக்கும் நிகழ்ந்த மோதலுக்குப் பின், வழக்கில் சிக்கிய காவலர்களுக்காக உறுப்பினர் எவரும் வாதிடக் கூடாது என அங்குள்ள சங்கம் தீர்மானித்தது. ஏ. எசு. முகமது ரபி எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் 2010 டிசம்பர் 6 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்சு, கியான் சுதா மிசுரா ஆகியோர் அத்தீர்மானமும் அது போன்ற பிற தீர்மானங்களும் செல்லாதவை என அறிவித்தனர். கைது செய்யப்பட்டவர் எவராயினும் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசும் உரிமையை அரசியலமைப்பின் 22(1) ஆவது உறுப்பு அளிக்கிறது. கொடிய குற்றம் சாட்டப்பட்டவருக்காக எங்கள் ஊரில் எவரும் வாதிட மாட்டோம் எனச் சங்கங்கள் தீர்மானம் போடுவதும், நாளேடுகள் அதைப் பாராட்டி எழுதுவதும் அதன் பின்னரும் நிற்கவில்லை. தீர்மானத்தை மீறி வக்காலத்து ஏற்பவர் சட்டத்தின்படியே நடக்கிறார், எனினும் சங்கக் கூடத்தில் அவருக்குப் பேச்சுத் துணை கிடைப்பதில்லை.

பிற்கால நிகழ்வுகள்

2021 சூலையில் இந்தியப் பார் கவுன்சில் வழக்கறிஞர் பாதுகாப்புச் சட்ட வரைவு ஒன்றை வெளியிட்டது. 2023 இல் இராசத்தான், கருநாடக மாநிலச் சட்டமன்றங்கள் வழக்கறிஞர்கள் மேலான வன்முறையைத் தடுக்கும் சட்டங்களை நிறைவேற்றின. 2024 நவம்பரில் ஓசூர் நீதிமன்றத்துக்கு அருகே வழக்கறிஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டப்பட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாட்டிலும் அத்தகைய சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது.

2025 பெப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழக்கறிஞர்கள் (திருத்த) சட்ட வரைவு, புறக்கணிப்புகளைத் தடை செய்யவும், இந்தியப் பார் கவுன்சிலில் அரசு நியமிக்கும் உறுப்பினர்களைச் சேர்க்கவும் வழி செய்தது. இரண்டாவது கூறு பார் கவுன்சிலின் தன்னாட்சியைப் பறிக்கும் எனப் பல மாநிலங்களில் எதிர்ப்பு எழவே, சில நாட்களிலேயே வரைவு மறு பரிசீலனைக்காகத் திரும்பப் பெறப்பட்டது.

அதே ஆண்டு சூனில், கட்சிக்காரருக்கு வழங்கிய சட்டக் கருத்து தொடர்பாகச் சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாத்தாருக்கு அமலாக்க இயக்ககம் அழைப்பாணை அனுப்பியது. பரவலான எதிர்ப்புக்குப் பின் அது திரும்பப் பெறப்பட்டது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதனை விசாரித்தது. 2025 அக்டோபர் 31 அன்று தலைமை நீதிபதி பி. ஆர். கவாய் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. பாரதிய சாட்சிய அதினியத்தின் 132 ஆவது பிரிவு காக்கும் தகவல்களுக்காக வழக்கறிஞரை விசாரணை அலுவலர் அழைக்கக் கூடாது. அப்பிரிவின் விதிவிலக்குகளுக்கு உட்பட்டு அழைப்பதாயினும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத மேலதிகாரியின் எழுத்து மூல ஒப்புதல் வேண்டும் எனக் கூறியது. மாவட்ட அளவில் இது முதன்மையான பாதுகாப்பாகும். காவல் நிலையத்தின் அழைப்பாணைக்கு எதிராக நாளேடுகளில் செய்தி வரச் செய்யும் வாய்ப்பு சிற்றூர் வழக்கறிஞருக்கு இல்லை.

பன்னாட்டு நெறிகளும் பிற நாடுகளும்

1990 இல் கியூபாவின் அவானா நகரில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் மாநாடு, வழக்கறிஞர்களின் பங்கு பற்றிய அடிப்படை நெறிகளை ஏற்றது. அச்சுறுத்தல், தொல்லை, தகாத தலையீடு இல்லாமல் வழக்கறிஞர்கள் பணி செய்வதை அரசுகள் உறுதி செய்ய வேண்டும் என்பது 16 ஆவது நெறி. கட்சிக்காரரின் கருத்தையோ செயலையோ வழக்கறிஞர் மேல் ஏற்றக் கூடாது என்பது 18 ஆவது நெறி. ஒழுங்கு விசாரணையை நீதிமன்றம் நடத்துவதை இந்நெறிகள் முழுவதும் விலக்கவில்லை. தொழிலமைப்பின் நடுநிலைக் குழு, தனித்த சட்ட அமைப்பு, நீதிமன்றம் ஆகிய மூன்றில் எதுவும் அதைச் செய்யலாம்; எதுவாயினும் சுதந்திரமான நீதி மறு ஆய்வு இருக்க வேண்டும் என 28 ஆவது நெறி கூறுகிறது. எனவே சென்னை விதிகள் வீழ்ந்தது பன்னாட்டு நெறியால் அன்று, இந்தியச் சட்டம் அதிகாரத்தைப் பகிர்ந்தளித்த முறையால் ஆகும். ஐரோப்பிய அவை 2025 இல் வழக்கறிஞர் தொழிலைக் காக்கும் தனி உடன்படிக்கையை ஏற்றுக் கையொப்பத்துக்குத் திறந்தது.

இலங்கையில் அச்சுறுத்தல் உயிர் பறிக்கும் அளவுக்குச் சென்றது. அரசியல் கைதிகளுக்காக வாதாடி வந்த வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான குமார் பொன்னம்பலம் 2000 சனவரி 5 அன்று கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கறிஞர் எசாசு இசுபுல்லா 2020 ஏப்பிரலில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி 2022 பெப்ரவரியில்தான் பிணை பெற்றார். 2023 செப்டம்பரில் குருந்தூர் மலை வழக்கை விசாரித்து வந்த முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி தி. சரவணராசா, உயிர் அச்சுறுத்தலையும் மன அழுத்தத்தையும் காரணம் காட்டிப் பதவி விலகி நாட்டை விட்டு வெளியேறினார். வடக்கிலும் கிழக்கிலும் வழக்கறிஞர்கள் பணிப் புறக்கணிப்புச் செய்து அவருக்காகக் குரல் கொடுத்தனர்.